பதினைந்து வயதில் நின்றுவிடும் பாடம்

கிறிஸ்தவத் திருச்சபைகள் தம் குழந்தைகளுக்குச் சமயம் கற்பிப்பதில் காட்டும் அக்கறை சிறிதன்று. ஞாயிறுதோறும் மறைக்கல்வி வகுப்பு அல்லது ஞாயிறு பள்ளி. மே மாதம் பிறந்தால் விடுமுறை வேதாகமப் பள்ளி. மனன வசனப் போட்டி, கிறிஸ்து பிறப்பு நாடகம், ஆண்டு இறுதியில் தேர்வும் பரிசும். சிற்றூர்களில்கூட இவை தவறாமல் நடைபெறுகின்றன. ஆனால், கத்தோலிக்கரிடையே உறுதிபூசுதலும் சீர்திருத்தச் சபைகளில் திடப்படுத்தலும் முடிந்துவிட்டால், அந்தப் பிள்ளைகளில் பலரை அடுத்த ஞாயிறு முதல் வகுப்பில் காண முடிவதில்லை. பட்டம் பெற்று வெளியேறியவர்களைப் போல அவர்கள் சென்றுவிடுகிறார்கள். அதன்பின் அவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் மறையுரை மட்டுமே. அதில் இடையே எழுந்து கேள்வி கேட்க வழியில்லை.

இருபது வயதில் ஓர் இளைஞர் கல்லூரியில் மரபணுவியல் படிக்கிறார், சட்டம் படிக்கிறார், கடன் வாங்கி வேலை தேடுகிறார். ஆனால், உலகின் படைப்பைப் பற்றி அவரிடம் இருப்பது ஏழு வயதில் வண்ணம் தீட்டிய படம். பாவத்தைப் பற்றி அவர் அறிந்தது பத்து வயதில் ஒப்பித்த விடை. மற்ற எல்லாத் துறைகளிலும் அறிவு வளர்ந்திருக்க, இந்த ஒன்று மட்டும் அரைக்கால் சட்டையில் நிற்கிறது. பிறகு அவர் ஆலயத்திற்கு வருவதில்லை என்று பெரியவர்கள் கைப்பேசியைக் குறைகூறுகிறார்கள்.

சமயக் கல்வியைப் பற்றிய விவாதம் நெடுங்காலமாக ஒரே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கிறது. மனனம் செய்விப்பதா, விளையாட்டும் பாட்டுமாகக் கற்பிப்பதா என்பதே அது. இரு தரப்பிலும் நியாயம் உண்டு. ஆனால், சிக்கல் அங்கே இல்லை என்பதே இக்கட்டுரையாளரின் கருத்து. குழந்தைப் பருவத்தில் கொடுக்கப்பட்ட சொற்களை அடுத்தடுத்த வயதுகளில் யார் திறந்து காட்டுகிறார்கள் என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி. கிறிஸ்தவ வரலாற்றில் கற்பித்தல் வெற்றி பெற்ற இடங்களைப் பார்த்தால், இந்த வரிசை அங்கே சரியாக இருந்ததைக் காணலாம்.

தமிழ்க் கடற்கரையிலிருந்தே தொடங்கலாம். 1542-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் பிரான்சிஸ் சவேரியார் முத்துக்குளித்துறைக்கு வந்தபோது, அங்கிருந்த பரதவ மக்கள் திருமுழுக்குப் பெற்றுச் சில ஆண்டுகள் ஆகியிருந்தன. ஆனால், அவர்களுக்குக் கற்பிக்க எவரும் இல்லை. கிறிஸ்தவர்கள் என்பதற்குமேல் அவர்களுக்கு ஒன்றும் தெரியவில்லை என்று அவரே கடிதத்தில் எழுதினார். அவருக்குத் தமிழ் தெரியாது. இரு மொழியும் ஓரளவு அறிந்தவர்களை வைத்துக்கொண்டு, விசுவாச அறிக்கை, கட்டளைகள், செபங்கள் ஆகியவற்றைத் தமிழாக்கி, அவற்றைத் தாமே மனனம் செய்தார். பிறகு கையில் மணியை எடுத்து ஆட்டிக்கொண்டே தெருவில் நடந்து சிறுவர்களைத் திரட்டினார். நாளுக்கு இருமுறை வகுப்பு. ஏறத்தாழ ஒரு மாதம். கற்றவற்றைப் பெற்றோருக்கும் அண்டை வீட்டாருக்கும் அச்சிறுவர்களே கற்பிக்க வேண்டும் என்பது ஏற்பாடு. நோயாளிகளின் வீடுகளுக்குத் தாம் போக முடியாதபோது, செபம் சொல்லச் சிறுவர்களையே அனுப்பினார்.

இம்முறையில் குறை காண்பது எளிது. பொருள் முழுதும் புரியாத சொற்களைக் கூட்டமாகத் திருப்பிச் சொல்லும் பயிற்சியல்லவா இது என்று கேட்கலாம். அது உண்மைதான். ஆனால், சவேரியாரின் முறையில் கவனிக்க வேண்டியது வேறு. அவர் குழந்தைகளை மாணவர்களாக மட்டும் வைத்திருக்கவில்லை. வீட்டுக்கு வீடு சொல்லைச் சுமந்து செல்லும் ஆசிரியர்களாக்கினார். வகுப்பில் கற்றதற்கு மறுநாளே ஒரு வேலை இருந்தது. நம் ஞாயிறு பள்ளிகளில் கற்றதற்கு ஆண்டுத் தேர்வைத் தவிர வேறென்ன வேலை இருக்கிறது?

சவேரியார் விட்டுச்சென்ற சொற்களுக்குப் பொருள் தரும் பணி அவருக்குப் பின் வந்தவரிடம் சேர்ந்தது. போர்த்துகீசிய இயேசு சபைத் துறவி ஹென்றீக்கே ஹென்றீக்கஸ் தமிழை முறையாகக் கற்றார், இலக்கணமும் எழுதினார். 1578-இல் கொல்லத்தில் அச்சான ‘தம்பிரான் வணக்கம்’ அவர் ஆக்கியதே. பதினாறே பக்கங்கள் கொண்ட சிறு நூல். இந்திய மொழியொன்றின் எழுத்தில் இந்தியாவில் அச்சான முதல் நூல் என்ற சிறப்பு அதற்கு உண்டு. தமிழ் அச்சு வரலாறு பேசும்போதெல்லாம் இதைச் சொல்லிப் பெருமிதம் கொள்கிறோம். ஆனால், அடுத்த ஆண்டே கொச்சியில் அச்சான ‘கிரீசித்தியானி வணக்கம்’ நம் பொருளுக்கு இன்னும் நெருக்கமானது. அது ஆசிரியரும் மாணவரும் வினாவி விடையளிக்கும் முறையில் அமைந்தது. செபங்களின் தொகுப்பிலிருந்து வினா விடைக்கு நகர்ந்தது ஒரு பெரிய மாற்றம். ஒப்பித்தவரிடம் ‘அப்படியென்றால் என்ன?’ என்று கேட்கும் கட்டம் அது.

ஜெர்மனியில் அதற்கு அரை நூற்றாண்டு முன்பே அந்தக் கேள்வி புகழ் பெற்றிருந்தது. 1528-இல் சாக்சனி நாட்டுப் பங்குகளைப் பார்வையிடச் சென்ற மார்ட்டின் லூத்தர், மக்களுக்கு அடிப்படைகளே தெரியவில்லை என்பதையும், போதகர்களில் பலர் கற்பிக்கத் தகுதியற்றிருந்ததையும் கண்டு கலங்கினார். மறு ஆண்டில் வெளிவந்த அவருடைய ‘சிறிய ஞானோபதேசம்’ ஒவ்வொரு பகுதியின் தலைப்பிலும், இதைக் குடும்பத் தலைவர் தம் வீட்டாருக்கு எளிமையாகக் கற்பிக்க வேண்டும் என்றே குறிப்பிட்டது. ஒவ்வொரு கட்டளைக்கும் பின் ‘இது என்ன?’ என்ற சிறு வினா. அந்நூலின் முன்னுரையில் லூத்தர் வகுத்த வரிசைதான் முக்கியமானது. முதலில், ஒரே பாடத்தைச் சொல் மாறாமல் கற்பிக்க வேண்டும். ஆண்டுக்கு ஒரு வடிவமாக மாற்றினால் எளியவர்கள் குழம்புவார்கள். அடுத்து, அதன் பொருளைச் சொல்ல வேண்டும். மூன்றாவதாக, பெரிய நூலைக் கொண்டு விரிவாக விளக்க வேண்டும். அதற்கெனப் ‘பெரிய ஞானோபதேசம்’ என்ற நூலையும் அதே ஆண்டில் அவர் வெளியிட்டார்.

இந்தச் சிறிய ஞானோபதேசத்தைத் தரங்கம்பாடியில் தமிழுக்குக் கொண்டுவந்தவர் சீகன்பால்கு. 1706-இல் வந்திறங்கிய அவர், தமிழ்ச் சிறுவர்களோடு தரையில் அமர்ந்து மணலில் எழுத்துப் பழகினார். கற்பிக்க வந்தவர் முதலில் மாணவராக உட்கார்ந்தார் என்பது இன்றைய ஆசிரியப் பயிற்சிக் கூட்டங்களில் ஒரு முறையேனும் சொல்லத்தக்க செய்தி.

லூத்தரின் மூன்று படிகளில் நம் சபைகள் முதற்படியைச் செம்மையாகச் செய்கின்றன; இரண்டாம் படியை அரைகுறையாக; மூன்றாம் படியை ஏறத்தாழ மறந்துவிட்டன.

முதற்படிக்கும் முந்திய பருவம் ஒன்று உண்டு. மூன்று முதல் ஆறு வயது வரையுள்ள குழந்தைக்கு என்ன கற்பிக்கலாம்? இதற்கு மிகப் பொறுமையாக விடை தேடியவர் உரோமை நகரின் விவிலிய அறிஞர் சோஃபியா கவலெத்தி. மாண்டிசோரி முறையில் பயிற்சி பெற்ற ஜன்னா கோபியுடன் இணைந்து 1954-இல் அவர் தொடங்கிய முறை ‘நல்லாயன் மறைக்கல்வி’ எனப்படுகிறது. (மரியா மாண்டிசோரியே 1939 முதல் 1946 வரை சென்னை அடையாற்றிலும் கொடைக்கானலிலும் இருந்து நம் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர்; இருந்தும் நம் ஞாயிறு வகுப்புகளில் அந்த முறையின் சாயல் அரிதாகவே தென்படுகிறது.) கவலெத்தியின் அறையில் கரும்பலகை மையமாக இல்லை. குழந்தையின் உயரத்திற்கேற்ற தாழ்ந்த அடுக்குகளில் மரத்தாலான சிறு ஆடுகள், ஓர் ஆயன், ஒரு பட்டி. ஆசிரியர் நல்லாயன் உவமையை மெதுவாகச் சொல்லி, அந்த ஆடுகளை நகர்த்திக் காட்டுகிறார். பிறகு, ‘இந்த ஆடுகள் யாராக இருக்கும்?’ என்று கேட்டுவிட்டு அமைதியாகிறார். விடையைச் சொல்வதில்லை. குழந்தை நாள்கணக்கில் அந்த ஆடுகளைத் தானே நகர்த்தி விளையாடி, என்றோ ஒரு நாள் கண்டுகொள்கிறது.

அந்த வயதில் குழந்தையை ஈர்ப்பது, ஆயன் தன்னைப் பெயர் சொல்லி அறிகிறான் என்ற செய்தியே என்று கவலெத்தி தம் நீண்ட அனுபவத்தில் கண்டார். எனவே, ஆறு வயதுக்குமுன் நன்னெறிப் போதனையை அவர் முன்னிறுத்தவில்லை. நேசிக்கப்படுகிறோம் என்ற உறுதி முதலில். எப்படி நடக்க வேண்டும் என்பது அதன் பிறகு. நம்மூரில் இது தலைகீழ். நான்கு வயதுப் பிள்ளையிடம், பொய் சொன்னால் இயேசுவுக்குப் பிடிக்காது என்பதுதான் பலவேளைகளில் கடவுளைப் பற்றிய முதல் அறிமுகம். இரவில் உறங்க மறுக்கும் குழந்தையை அடக்க, கூப்பிட்ட குரலுக்கு வந்து நிற்கும் பூச்சாண்டியோடு கடவுளையும் சேர்த்துவிடும் வீடுகள் உண்டு. அந்த அச்சம் வளர்ந்தபின் எளிதில் கழுவிப் போவதில்லை.

கதைத் தேர்விலும் இதே கவனக்குறைவு உண்டு. நோவாவின் பேழை என்றால் ஒட்டகச்சிவிங்கி தலைநீட்டும் அழகிய படகு. ஆனால், படகுக்கு வெளியே இருந்தவர்கள் என்ன ஆனார்கள் என்று ஒரு குழந்தை கேட்டுவிட்டால் வகுப்பு திகைத்துவிடுகிறது. ஆபிரகாம் ஈசாக்கைப் பலியிடச் சென்ற நிகழ்வைக் கேட்கும் ஐந்து வயதுப் பிள்ளை, கத்தியோடு நிற்கும் தந்தையைத்தான் பார்க்கிறது. ஆபிரகாமின் நம்பிக்கையை அன்று. இங்கிலாந்தில் ரொனால்டு கோல்டுமேன் 1964-இல் வெளியிட்ட ஆய்வு இதையே வேறு வகையில் காட்டியது. எரியும் முட்செடி, செங்கடலைக் கடத்தல், இயேசுவின் சோதனைகள் ஆகிய மூன்று நிகழ்வுகளைப் பள்ளிப் பிள்ளைகளிடம் கூறி, அவர்கள் புரிந்துகொண்ட விதத்தை அவர் ஆராய்ந்தார். உருவகத்தை உருவகமாக உணரும் ஆற்றல் ஏறத்தாழப் பதின்மூன்று வயதளவில்தான் நிலைபெறுகிறது என்பது அவர் முடிவு. அறிவுக்கு மட்டுமே இடம் கொடுத்து வியப்புக்கு இடம் தரவில்லை என்று அவர்மீது குற்றச்சாட்டு உண்டு. கவலெத்தியையும் அவரையும் அருகருகே வைத்துப் படித்தால் பயனுள்ளது: சிறு குழந்தைக்கு விளக்கம் பிடிபடாது, ஆனால் ஆடும் ஆயனும் பிடிபடும்.

ஏழு முதல் பன்னிரண்டு வரை மனனத்தின் பொற்காலம். இதைத் தயங்காமல் பயன்படுத்த வேண்டும். கிரிக்கெட் வீரர்களின் ஓட்டக் கணக்கு முழுவதையும் ஒப்பிக்கும் பிள்ளைக்கு நான்கு சங்கீதங்கள் பாரமாகா. வரிசை, வரைபடம், திருவழிபாட்டு ஆண்டின் வண்ணங்கள், பன்னிரு திருத்தூதர்களின் பெயர்கள் — இவற்றை இந்த வயது விரும்பி ஏற்கும். பாட்டு இதற்கு உற்ற துணை. தஞ்சை வேதநாயக சாஸ்திரியார் குறவஞ்சி, கும்மி போன்ற நாட்டு வடிவங்களைக் கையாண்டதன் பயனை இரண்டு நூற்றாண்டுகளாகத் தமிழ்ச் சபைகள் அனுபவித்துவருகின்றன. 1800-இல் அவர் இயற்றிய ‘பெத்லகேம் குறவஞ்சி’ முழுதும் இன்று பாடப்படுவதில்லை. ஆனால், அவருடைய கீர்த்தனைகள் நூலைத் திறவாமலே பலருக்கு வருகின்றன.

இங்கே மொழியைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஆங்கில வழியில் படிக்கும் நகரத்துப் பிள்ளைகள் பலருக்குத் தமிழ் பேச வரும்; சரளமாகப் படிக்க வராது. ஆகவே, பாட்டையும் மனன வசனத்தையும் ரோமன் எழுத்தில் எழுதிக் கொடுக்கிறார்கள். ஆலயத் திரையிலும் அப்படியே வருகிறது. 1554-இல் லிஸ்பனில் அச்சான ஞானோபதேசச் சிறுநூலில் தமிழ், ரோமன் எழுத்தில்தான் இருந்தது. அது தமிழ் எழுத்தறியாத போர்த்துகீசியருக்குப் பயன்பட்டது. ஹென்றீக்கஸ் தமிழ் எழுத்தை அச்சில் கொண்டுவந்து நம்மை அதிலிருந்து மீட்டார். நாம் திரும்பிக்கொண்டிருக்கிறோம். எழுத்து போனால் போகட்டும் என்றாலும், சொல்லின் பொருளும் சேர்ந்து போகிறது. ‘இரட்சணியம்’, ‘பரமண்டலம்’, ‘கிருபாதார பலி’ ஆகிய சொற்களின் பொருளை ஒரு பத்து வயதுப் பிள்ளையிடம் கேட்டுப் பார்க்கலாம். கத்தோலிக்கரும் பிற சபையினரும் கூடி உருவாக்கி 1995-இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான ‘திருவிவிலியம்’ இக்காலத் தமிழில் இருக்கிறது. ஆனால், சீர்திருத்தச் சபைகள் பலவற்றில் மனன வசனம் பழைய மொழிபெயர்ப்பிலிருந்தே தரப்படுகிறது. பழைய சொற்களின் கம்பீரம் விட மனம் வராததுதான். அப்படியானால் பழைய நடையில் மனனமும் புதிய நடையில் விளக்கமும் என்று இரண்டையும் பக்கத்தில் வைத்துக் கற்பிக்கலாமே.

வளரிளம் பருவத்துக்கு வரும்போதுதான் உண்மையான இடர் தொடங்குகிறது. இந்த வயதினருக்குக் கேள்விகள் உண்டு. அவற்றை வகுப்பில் கேட்பதில்லை. கேட்டால் நம்பிக்கை குறைந்தவர் என்ற பெயர் வரும் என்று அறிந்திருக்கிறார்கள்.

முதலாவது கேள்வி பக்கத்து இருக்கையில் இருக்கிறது. தமிழகத்துக் கிறிஸ்தவப் பிள்ளை பள்ளியில் இந்து, முஸ்லிம் தோழர்களுக்கு நடுவில் அமர்கிறது. பொங்கலும் நோன்புக் கஞ்சியும் கேக்கும் பரிமாறிக்கொள்ளப்படுகின்றன. தன் உயிர்த் தோழன் மீட்படைய மாட்டானா என்று அந்தப் பிள்ளை கேட்கும்போது ஆசிரியர் என்ன சொல்வார்? ‘அதெல்லாம் இப்போது வேண்டாம்’ என்பது மிக மோசமான விடை. கத்தோலிக்கத் திருச்சபை இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், 1964-இல், தம் குற்றமின்றி நற்செய்தியை அறியாதிருந்து, நேர்மையான உள்ளத்தோடு கடவுளைத் தேடி, மனச்சான்றின்படி வாழ்பவரும் மீட்படையக்கூடும் என்று அறிவித்தது. மறு ஆண்டில் பிற சமயங்களில் உண்மையும் தூய்மையுமானவற்றைத் தான் தள்ளிவிடுவதில்லை என்றது. சீர்திருத்தச் சபைகளுக்குள் இதுபற்றிப் பலவகைக் கருத்துகள் உள்ளன. அந்தக் கருத்து வேறுபாட்டையே பதினாறு வயதினர் முன் நேர்மையாக வைக்கலாம். தீர்ப்பு மனிதர் கையில் இல்லை என்பதையும் சொல்லலாம். தோழனை இழிவாக நினைக்கக் கற்பிக்கும் பாடம், அத்தோழனின் நற்பண்பை நாள்தோறும் காணும் பிள்ளையிடம் தோற்றுப்போகும். தோற்க வேண்டியதும் அதுவே.

இரண்டாவது கேள்வி துன்பம் பற்றியது. 2004 டிசம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை; கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள். வேளாங்கண்ணியில் திருவிழாக் கால மக்கள் திரண்டிருந்த காலை வேளையில் ஆழிப்பேரலை வந்தது. நாகப்பட்டினம் முதல் குமரிக் கடற்கரை வரை ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அவ்வாண்டு சிறுவர்களாக இருந்தவர்கள் இன்று பெற்றோர்கள். ‘செபிக்க வந்தவர்களைக் கடல் கொண்டதேன்?’ என்று அவர்கள் அன்று கேட்டதற்கு, ‘கடவுளின் திட்டம்’ என்று மட்டும் விடை கிடைத்திருந்தால், அந்த விடை அவர்களிடம் எப்படித் தங்கியிருக்கும்? விவிலியம் இந்தக் கேள்விக்கு அஞ்சவில்லை. யோபு நூல் முழுதும் அந்த வழக்கைத்தான் நடத்துகிறது; யோபுவுக்கு ஆறுதல் சொல்ல வந்து விளக்கம் சொன்ன நண்பர்களைத்தான் இறுதியில் கடவுள் கண்டிக்கிறார். 150 சங்கீதங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு புலம்பல்கள். ஆனால், நம் பாடத்திட்டங்கள் மேய்ப்பனின் சங்கீதத்தை மனனம் செய்வித்துவிட்டு, கைவிடப்பட்டவனின் குரலாக ஒலிக்கும் அதற்கு முந்திய சங்கீதத்தைப் பெரிய வெள்ளிக்கு ஒதுக்கிவிடுகின்றன. கடவுளிடம் முறையிடவும் உரிமை உண்டு என்று பதினைந்து வயதில் ஒருவர் கற்றிருந்தால், முப்பது வயதில் பேரிழப்பு வரும்போது அவரிடம் சொற்கள் இருக்கும்.

மூன்றாவது கேள்வியைப் பெரியவர்கள் கேட்கவே விரும்புவதில்லை. அனைவரும் ஒரே உடலின் உறுப்புகள் என்று வகுப்பில் படித்த பிள்ளை, சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்தின் நடுவே சாதியின் பெயரால் நிற்கும் சுவரைப் பார்க்கிறது. திருமண விளம்பரத்தில் சபையின் பெயருக்கு முன்னால் சாதியின் பெயரைப் படிக்கிறது. வரலாற்றை மறைக்காமல் கற்பித்தால்தான் இதை எதிர்கொள்ள முடியும். மேலே புகழ்ந்த வேதநாயக சாஸ்திரியாரே, 1820-களில் இளைய மறைப்பணியாளர்கள் ஆலயத்தில் சாதி வேறுபாட்டை நீக்க முனைந்தபோது அதை எதிர்த்து எழுதியவர். அவர் பாட்டைப் பாடவும், அந்நிலைப்பாட்டைத் தவறென்று சொல்லவும் பதினேழு வயதுப் பிள்ளையால் முடியும். முடியாதென்று நினைப்பது நாம்தான்.

இத்தகைய கேள்விகளுக்கு முகம் கொடுக்க வேண்டிய ஆசிரியர் யார்? பல இடங்களில், சென்ற ஆண்டு திடப்படுத்தல் பெற்ற கல்லூரி மாணவியே இந்த ஆண்டு ஞாயிறு பள்ளி ஆசிரியை. ஊதியமில்லை, வார இறுதியில் அவருக்கும் பாடச்சுமை உண்டு. அவருடைய ஈடுபாடு போற்றத்தக்கது. ஆனால், தமக்கே எவரும் தொடர்ந்து கற்பிக்காதபோது அவர் எதிலிருந்து கொடுப்பார்? வீரமாமுனிவர் கற்பிப்பவர்களான உபதேசியார்களுக்கென்றே ‘வேதியர் ஒழுக்கம்’ என்ற தனி நூலை எழுதினார். தேம்பாவணி பாடியவர் இந்தப் பணிக்கும் நேரம் ஒதுக்கியிருக்கிறார் என்பதிலிருந்தே அதன் முதன்மை விளங்கும்.

இப்போது பெரியவர்கள். தொடக்கத் திருச்சபையில் கற்பித்தல் முதன்மையாகப் பெரியவர்களுக்கே உரியதாக இருந்தது. திருமுழுக்குக்கு முன் ஆண்டுக்கணக்கில் ஆயத்தம் நடந்தது. குழந்தைத் திருமுழுக்கு பொதுவழக்கானபின் அது தேய்ந்தது. 1971-இல் வத்திக்கான் வெளியிட்ட மறைக்கல்வி வழிகாட்டியும், 1979-இல் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் எழுதிய ஊக்கவுரையும், பெரியவர்களுக்கான மறைக்கல்வியே மறைக்கல்வியின் தலையாய வடிவம் என்று கூறின. தாளில் இருப்பது பங்குகளில் எந்த அளவுக்கு வந்தது என்பதை ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புப் பலகை சொல்லும்.

பெரியவர்களுக்குக் கற்பிப்பது பற்றி எழுதப்பட்டவற்றில் ஏறத்தாழ கி.பி. 400-இல் அகுஸ்தீனார் எழுதிய சிறு நூலுக்கு இணையாக ஒன்றைச் சொல்வது கடினம். கார்த்தேஜ் நகரின் தியாக்கோன் தேயோகிராத்தியாஸ் ஒரு குறையோடு அவருக்கு எழுதினார். புதியவர்களுக்கு அடிப்படைகளை எடுத்துரைக்கும்போது தம் பேச்சு நீண்டு, தமக்கே சலிப்பூட்டுகிறது என்பதே அது. மாபெரும் சொல்வல்லுநரான அகுஸ்தீனார், தம் பேச்சும் தமக்கு எப்போதும் நிறைவளிப்பதில்லை என்று அவரைத் தேற்றுகிறார். பிறகு மிக நடைமுறையான யோசனைகள். வந்திருப்பவர் படித்தவரா, பாமரரா என்று முதலில் அறிய வேண்டும். படித்தவரானால் எந்த நூல்கள் அவரை இங்கே கொண்டுவந்தன என்று கேட்டு, அவர் அறிந்ததைத் திரும்ப ஓதாமல் மேலே செல்ல வேண்டும். கேட்பவர் கொட்டாவி விட்டால் பேச்சை மாற்ற வேண்டும். நின்றுகொண்டிருந்தால் உட்காரச் சொல்ல வேண்டும். (நற்செய்திக் கூட்டங்களில் மூன்று மணி நேரம் பேசுவோர் இப்பகுதியை மட்டுமாவது படிக்கலாம்.) சொன்னதையே சொல்லும் சலிப்புக்கு அவர் தரும் மருந்து அழகானது. நாம் நாள்தோறும் கவனியாமல் கடந்துபோகும் ஊரின் அழகை, முதன்முறை வந்த விருந்தினருக்குச் சுற்றிக் காட்டும்போது, அவர் வியப்பால் நம் கண்ணும் புதிதாகிறது அல்லவா என்கிறார்.

எழுத்தறியாத பெரியவர்களிடையே இப்பணி நடந்ததற்கு நம்மவர் ஒருவரே சான்று. நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874-இல் பிறந்த வி.எஸ். அசரியா, 1912-இல் தோர்ணக்கல் பேராயராகி, இந்தியாவின் முதல் இந்திய ஆங்கிலிக்கப் பேராயர் ஆனார். தெலுங்கு நாட்டில் திரள்திரளாகச் சபைக்கு வந்தவர்களில் மிகப் பலர் தீண்டாமைக்கு உள்ளான, எழுதப் படிக்க வாய்ப்பு மறுக்கப்பட்ட உழைப்பாளிகள். கதை, பாட்டு, திரும்பச் சொல்லுதல் ஆகியவையே அங்கே கருவிகள். திருமுழுக்குப் பெறுவோர் ஒவ்வொருவரும் தம் தலைமேல் கைவைத்து, நற்செய்தியை அறிவிக்கும் கடமை தமக்கு உண்டு என்று உரக்கச் சொல்லுமாறு அவர் செய்தார். சவேரியாரின் சிறுவர்களைப் போலவே, கற்றவர் உடனே கற்பிப்பவராகிறார்.

இன்றைய உழைக்கும் பெற்றோருக்கு வாரம் ஒரு வகுப்பு இயலாது என்பது உண்மை. ஆனால், கத்தோலிக்கப் பங்குகளில் அன்பியக் கூட்டங்கள் உள்ளன. பிற சபைகளில் வீட்டுக் கூட்டங்கள் உள்ளன. அவற்றில் அரைமணி நேரத்தைக் கேள்விக்கென ஒதுக்கலாம். திருமணத்திற்கு ஆயத்தம் செய்வோர், முதற்குழந்தைக்குத் திருமுழுக்குக் கேட்டு வருவோர், புதுநன்மைக்குப் பிள்ளையை அனுப்பும் பெற்றோர் — இவர்கள் தாமாகவே கதவைத் தட்டும் தருணங்கள் இவை. பிள்ளை பயிலும் பாடத்தைப் பெற்றோரும் அவர்கள் வயதுக்கேற்ற ஆழத்தில் அதே வாரத்தில் பயின்றால், வீட்டில் பேச ஒரு பொருள் கிடைக்கும். யூதர்களின் பாஸ்கா விருந்தில் மேசையில் இருக்கும் மிக இளைய பிள்ளை கேள்வி கேட்க வேண்டும். பெரியவர் விடையாக விடுதலை வரலாற்றைச் சொல்ல வேண்டும். கேள்வியே அங்கே வழிபாட்டின் பகுதி. நம் குடும்ப செபத்தில் பிள்ளைக்கு ஒதுக்கப்பட்டிருப்பது பெரும்பாலும் கண்ணை மூடிக்கொள்ளும் கடமை மட்டுமே.

முதியோரை எந்தப் பாடத்திட்டமும் நினைப்பதில்லை. இனி அவர்களுக்குக் கற்பிக்க என்ன இருக்கிறது என்று எண்ணுகிறார்கள் போலும். பார்வை மங்கியவருக்கு வாசித்துக் காட்டுதல், துணையை இழந்தவரோடு உயிர்த்தெழுதலைப் பற்றி அவசரமின்றிப் பேசுதல், சாவைப் பற்றி அவர் பேச விரும்பும்போது பேச்சை மாற்றாதிருத்தல் ஆகியனவும் கற்பித்தலே. மறதி நோயுற்றவர்களைப் பேணுவோர் அடிக்கடி கண்டு வியப்பது ஒன்றுண்டு. பிள்ளையின் பெயர் மறந்துபோனவர், சிறுவயதில் கற்ற கீர்த்தனையை யாராவது தொடங்கினால் கூடவே பாடி முடிக்கிறார். செபத்தின் முதற்சொல்லைச் சொன்னால் மீதியைத் தாமே சொல்கிறார். எழுபது ஆண்டுகளுக்கு முன் ஏதோ ஓர் உபதேசியார் ஓலைக் கூரையின்கீழ் ஒப்பிக்கச் செய்த சொற்கள் அவை. அவர் பக்கத்துப் பாயில் உட்கார்ந்திருக்கும் பேரப்பிள்ளை, ‘பாட்டி சொன்னதற்கு என்னம்மா அர்த்தம்?’ என்று கேட்டால், அந்தத் தாய்க்கு விடை தெரிந்திருக்கிறதா?